அரைக்கட்டை இறக்கம்

அற்புதராஜ் சாரை நான் கவிழ்த்த கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஃபாதர் மனம் வருந்தச் சொல்வார், எனக்கு அது வராது. வராத வருத்தத்தை வந்ததாகக் காட்டி மன்னிப்பு வாங்குவதைவிடப் பேசாமல் இருப்பதே மேல் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பங்குக் கோயில் சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கிற தூரம். ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசைக்கு நான் உட்லண்ட்ஸிலிருந்து வருவேன், பாடற்குழுவில் என்னோடு பாடுகிற பிலோமினம்மாள் காத்தோங்கிலிருந்து வருவார். பூசை முடிந்ததும் பாதிப் பேர் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போய்விடுவார்கள். அந்தப் பூசைக்கு முப்பத்தொரு வருடம் ஆர்கன் வாசித்தவர் அற்புதராஜ். துறைமுகத்தில் ஏதோ ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் வேலை ஒரு நாளும் பார்த்ததில்லை, ஆனாலும் ஊருக்கெல்லாம் அவர் சார்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

அவருக்கு ஒரு காது இருந்தது. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது என்ன சுரம் என்று சொல்லிவிடுவார். காப்பிக் கடையில் கரண்டி கிளாஸில் பட்டால் "டி" என்பார். ஏர்கான் உறுமினால் "பி ஃப்ளாட், கொஞ்சம் தொங்குது" என்பார். கல்யாண வீட்டில் அழுகிற குழந்தையின் அழுகைக்குச் சுரம் சொல்லி அதன் தாயிடம் முறைப்பு வாங்கியிருக்கிறார். கருவி வேண்டாம், யோசிக்க வேண்டாம், நமக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரிகிற மாதிரி அவருக்கு ஏ என்றால் ஏ. லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி அமையும் என்று அவரே எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

வாசிப்பு? அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பாக் என்கிற இசைமேதை முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கோயிலில் வாசித்தார், எங்கள் சார் இன்றைக்கு லிட்டில் இந்தியாவில் கோயிலில் வாசிக்கிறார், நடுவில் வேறு யாரும் வாசித்ததாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பூசை முடிந்து சனங்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில் அவர் அந்தப் பழைய இசையில் ஒன்றை எடுப்பார். முதலில் ஒரு குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லும். அது முடிவதற்குள் இரண்டாவது குரல் அதே வாக்கியத்தை வேறு இடத்திலிருந்து தொடங்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள், ஆனால் ஒருவர் பேச்சும் அமுங்காது. இவ்வளவுக்கும் இருப்பது இரண்டு கையும் இரண்டு காலும்தான்.

எனக்கு அந்த இசை என்றால் உயிர். பள்ளிக்கூட நாளிலிருந்தே நூலகத்தில் சிடி சிடியாக எடுத்துக் கேட்டவள் நான். ஒரே பாட்டைப் பத்துப் பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். அவசரக்காரர் யார், பெடலைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் யார், ஒவ்வொரு சுரத்தையும் கழுவித் துடைத்து அடுக்கி வைக்கிறவர் யார் என்று இரண்டு வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பத்துப் பேரோடு வைத்துக் கேட்டாலும் அற்புதராஜ் சார் குறைந்தவர் இல்லை. நான் நேரில் கேட்டதில் அவர்தான் முதல். அதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் ஆள் அவ்வளவு கொடியவர்.

பாடற்குழுவில் யாராவது சுருதி விட்டால் வாசிப்பை நிறுத்திவிடுவார். அந்த ஆளை எழுப்பி, அதே வரியைத் தனியாகப் பாடச் சொல்வார். சரியாக வரும்வரை பாட வேண்டும். சுற்றி இருபது பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மார்வினை ஒரு முறை பதினாறு தடவை பாட வைத்தார். மார்வினுக்கு அப்போது கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். பெதானி ஒருத்திதான் அவரிடம் திட்டு வாங்காதவள், அவளுக்குச் சுருதி அப்படி நிற்கும்.

எனக்கு நிற்காது. என் குரல் கொஞ்சம் கீழே இறங்கும் என்பார் அவர். எனக்கே அது கேட்டதில்லை, அதுதான் என் சங்கடம். அடுத்தவர் வாசிப்பில் மயிரிழைக் குறை கண்டுபிடிக்கிற காது, என் தொண்டையிலிருந்து வருவதை மட்டும் அளக்க மறுத்துவிடும். நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வாயை எப்போது மூடச் சொல்வாரோ என்று பயந்துகொண்டே நிற்பேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் அம்மா அன்னம்மா இறந்துபோனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் பூசைக்கு நீதான் பதிலுரைப் பாடல் பாடணும் என்று கேட்டார். சரி என்றேன். சவப்பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. நான் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். ஆர்கன் அங்கிருந்து நான்கு அடி. அற்புதராஜ் சார் பெஞ்சிலிருந்து என் பக்கம் சாய்ந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்துக் குனிந்தேன்.

"நீ வாயை மட்டும் அசை, டானியலா. பெதானி பாடுவா. சாவுப் பூசையிலயாச்சும் சுருதி சேரட்டும்."

மைக் திறந்திருந்தது. முன்வரிசையில் என் சித்தப்பா, அத்தைகள், கிளினிக்கில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. பெதானி பின்னாலிருந்து பாடினாள். நான் அம்மா பெட்டிக்கு முன்னால் நின்று, மூன்று சரணத்துக்கும் வாயை மட்டும் அசைத்தேன். 

அதன் பிறகு அவர் என்னைக் குழுவிலிருந்து எடுத்து ஆர்கன் பக்கத்தில் உட்காரவைத்தார். எங்களுடையது மின்சார ஆர்கன். வாசிக்கும்போதே ஒலியை மாற்றுவதற்கு இரண்டு பக்கமும் வரிசையாக இழுக்கிற பொத்தான்கள் இருக்கும். அவர் தலையசைத்ததும் அதை இழுக்க ஒரு ஆள் வேண்டும். உனக்குக் குரல்தான் இல்லை, கை இருக்குல்ல என்றார். பழிவாங்கக் காத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. அந்த வாசிப்பை ஒரு முழத் தூரத்திலிருந்து கேட்கலாம் என்றுதான் போனேன். மானம் கெட்டுப்போய்த்தான் போனேன்.

இரண்டு வருடம் போன பிறகு ஒருநாள் அவர் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை சின்னத்தம்பியைப் பிடித்துக்கொண்டார். ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது அடிக்கிற மணியை ஏன் மாற்றினாய், இத்தனை வருடமாக ஜி, இன்றைக்கு ஜி ஷார்ப் அடிக்கிறது, யாரைக் கேட்டு மாற்றினாய் என்று சத்தம் போட்டார். சின்னத்தம்பி பாவம், மாற்றவே இல்லை சார், சுவரில் அடித்த ஆணிகூடத் துருப்பிடித்து அதோடு ஒட்டிப்போயிருக்கிறது என்று காட்டினார். சார் அந்த ஆணியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே போய்விட்டார். அவர் யாரையும் திட்டி முடிக்காமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த மாதம் பழைய சுருதி வந்தது. பாக் காலத்தில் சுருதி இன்றைக்கு இருப்பதைவிட அரைக்கட்டை கீழே இருந்தது, அந்த இசையை அந்தச் சுருதியில் வாசிப்பதுதான் முறை, இனி நம் கோயிலிலும் அப்படித்தான் என்று ஒரு ஞாயிறு அறிவித்தார். பங்கு இதழில் இரண்டு பக்கம் கட்டுரை எழுதினார். ஆர்கனில் கீழ்வரிசைக் கீகளுக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருகினால் மொத்த ஆர்கனும் ஏறும் அல்லது இறங்கும். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் சின்ன எண் தெரியும். அதில் மைனஸ் ஒன்று வைத்தார், அதாவது அடுத்த கீ அளவுக்கு, அரைக்கட்டை கீழே. எல்லாருக்கும் பரம திருப்தி. ஃபாதர் மெச்சினார். மேல் சுரத்துக்கு எட்டி எட்டி மூச்சு வாங்கிய பிலோமினம்மாள், எனக்குக் குரல் திரும்ப வயசுக்கு வந்த மாதிரி இருக்கு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்குக்குப் பழைய சுருதி சரி. போன வருடம் யாரோ கீபோர்டில் போட்ட மாதா பாட்டுக்கும் எதற்கு? கல்யாணப் பாட்டுக்கு எதற்கு? கோயிலில் யாருமே இல்லாதபோது தனியாகப் பழகுவதற்கும் அவர் முதலில் அந்தக் குமிழைத்தான் திருகினார். ஒருநாள் நான் அவருக்கு முன்னால் வந்து, அது ஜீரோவில் இருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். அவர் உட்கார்ந்து ஒரு வரி வாசித்தார். சூட்டில் கை வைத்த மாதிரி விரலை எடுத்தார். பிறகு எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைனஸ் ஒன்று வைத்தார்.

அன்றைக்கு ரயிலில் போகும்போது போனில் தேடிப் படித்தேன். இந்தக் காது உள்ளவர்களில் பலருக்கு ஐம்பது தாண்டினால் அது நகர்ந்துவிடுமாம். உலகம் முழுக்க அரைக்கட்டை ஏறிய மாதிரி கேட்குமாம். ஏ அடித்தால் பி ஃப்ளாட் என்று கேட்கும், ஜி மணி ஜி ஷார்ப் ஆகிவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. காது இருந்தவனுக்குத்தான் நரகம், கை ஒன்று வாசிக்கும், காது இன்னொன்றைக் கேட்கும். நகர்ந்துபோன காதுக்குச் சரியாகக் கேட்கவேண்டும் என்பதற்காக மனிதர் ஒரு கோயிலையே அரைக்கட்டை இறக்கி வைத்திருக்கிறார். அதற்குக் கட்டுரை வேறு. ஈசூன் வரும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

சிரித்தேனே தவிர யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்வது என்று அப்போது எனக்குத் திட்டம் எதுவும் இல்லை. கையில் ஒன்று இருக்கிறது என்ற நிம்மதியே போதுமாயிருந்தது.

இந்த வருடம் தவக்காலத்தில் ரித்திக் வந்தான். ஹாலந்தில் ஹார்ப்சிகார்ட் படித்துவிட்டு வந்த பையன், முப்பது வயது இருக்கும். அந்தக் காலத்து வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஒரு குழு நடத்துகிறான். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் டோபி காட் பக்கம் ஓர் அரங்கில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் இசையை முழுதாக நடத்தப்போகிறார்கள். ஆர்கன் வாசிக்க வேண்டியவர் திடீரென்று ஊரைவிட்டுப் போய்விட்டார். லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ்க் கோயிலில் பழைய சுருதியில் வாசிக்கிற பெரியவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனால் நம்பவே முடியவில்லை. எங்கள் பங்கின் தவக்கால இசைவழிபாட்டுக்கு வந்து ஒருமுறை கேட்கிறேன், கேட்டதும் அன்றைக்கே முடிவு சொல்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

அந்த வழிபாட்டுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், பயிற்சி முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். சார் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அங்க எல்லாமே பழைய சுருதி, டானியலா," என்றார். "வயலின், புல்லாங்குழல், பாடுறவங்க, எல்லாமே."

எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. அறுபது பேர் பாடி வாசிக்கிற அந்த இடத்தில் அவர் காதுக்கு உலகம் திரும்ப நேராக இருக்கும். அங்கே அவர் எதையும் ஒளிக்க வேண்டாம், கட்டுரை எழுத வேண்டாம். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட மேடையும் அது, ஊனம் தெரியாத ஒரே இடமும் அது. ஒரு நிமிடம் எனக்கே அவர் மேல் இரக்கம் வந்தது. மனிதர் நல்ல மனநிலையில் இருக்கிறாரே என்று, நானும் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். ஈஸ்டர் முடிந்து வருகிற ஞாயிறு அம்மாவின் வருஷப் பூசை, ஒரே ஒரு சரணம் நான் பாடட்டுமா சார் என்றேன்.

அவர் சிரித்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நல்ல குஷியோடு சொன்னார்.

"உங்க அம்மா நாலு வருஷமா நிம்மதியா இருக்காங்க. விடு லா."

சரி சார் என்றேன். நாளைக்குக் குமிழை யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்றார். அதற்கும் சரி சார் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் நிரம்பியிருந்தது. ரித்திக் முதல் வரிசையில், பீடத்துக்கு இடப்பக்கம். சார் வெள்ளைச் சட்டை போட்டு, முடியை வாரி ஒட்டவைத்து வந்திருந்தார். தாள் எதுவும் இல்லை. அவர் எப்போதும் மனப்பாடமாகத்தான் வாசிப்பார், தாளைப் பார்த்து வாசிக்கிறவர்களைத் தட்டச்சு செய்கிறவர்கள் என்பார். உட்கார்ந்தார், மைனஸ் ஒன்று வைத்தார், சரிபார்த்தார். ஃபாதர் மைக்கில் அவரை அறிமுகம் செய்து முன்னால் கூப்பிட்டார். முப்பத்தொரு வருட சேவை, பாக், பழைய சுருதி என்று ஃபாதர் பேசிக்கொண்டே போனார். சார் பீடத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினார். சனங்கள் கைதட்டினார்கள்.

நான் குமிழை ஜீரோவுக்குத் திருகினேன். எந்தப் பொத்தானை எப்போது இழுப்பது என்று எழுதிய அட்டை என்னிடம் இருந்தது, அதைச் சிவப்பு எண்ணுக்கு முன்னால் சாய்த்து வைத்தேன்.  பல் பிடுங்குகிற டாக்டருக்குச் சாமான் எடுத்துக்கொடுத்துப் பழகிய கை.

அவர் வந்து உட்கார்ந்தார், கண்ணை மூடினார், தொடங்கினார்.

முதல் சுரத்திலேயே அவர் தோள் சுருங்கியதைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. விரல் போய்க்கொண்டே இருந்தது. முதல் குரல் தன் வாக்கியத்தைச் சொன்னது, இரண்டாவது குரல் வந்தது. அவர் நெற்றியில் வியர்வை பொடித்தது. காது சொல்வதை நம்பாமல், விரலை மட்டும் நம்பி, இருட்டில் மாடிப்படி இறங்குகிறவரைப் போல ஒவ்வொரு சுரமாகப் போனார். அவர் அதுவரை அவ்வளவு அழகாக வாசித்ததில்லை. பொய் சொல்லவில்லை. வழக்கமான கர்வம் இல்லை, ஒவ்வொரு சுரமும் பயந்து பயந்து, சுத்தமாக வந்தது. நாற்பது விநாடி இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையை மட்டும் எடுக்கவில்லை.

மூன்றாவது குரல் இடது கையில் வரவேண்டும். இடது கை காதின் பேச்சைக் கேட்டுவிட்டது. அரைக்கட்டை தள்ளி இறங்கியது, வலது கை பழைய இடத்திலேயே இருந்தது. இரண்டும் மோதிய சத்தத்தில் முன்வரிசைக் குழந்தை ஒன்று காதைப் பொத்திக்கொண்டது. அவர் திருத்தப் பார்த்தார், இன்னும் குலைந்தது. கையை எடுத்துவிட்டார்.  அவர் தலையைத் தூக்கி மேலே, கூரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் குமிழை மைனஸ் ஒன்றுக்குத் திருப்பி அட்டையை மடிக்கு எடுத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். மைனஸ் ஒன்று. கை இரண்டும் கீகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. ஒரே ஒரு கீயை அழுத்தியிருந்தால் போதும். சரியாகக் கேட்டிருக்கும், எல்லாம் விளங்கியிருக்கும், முதலிலிருந்து வாசித்திருப்பார், ரித்திக் எழுந்து நின்று தட்டியிருப்பான்.  அவர் அழுத்தவில்லை. தன் காது இன்னும் அரைக்கட்டை நகர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். இன்னொரு முறை கேட்க அவருக்குப் பயம். கைகளை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். நான் அவர் காதருகில் சாய்ந்தேன்.

"விரலை மட்டும் அசைங்க சார்," என்றேன். "யாருக்கும் தெரியாது."

எழுந்து பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். பிலோமினம்மாள் கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சாருக்கு உடம்பு சரியில்லை என்று ஃபாதர் அறிவித்தார், எல்லாரும் மாதா பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடினோம். நானும் பாடினேன், சத்தமாக.

வாசலில் ரித்திக் என்னிடம் வந்தான். அறுபது பேரை நம்பி ஒரு மேடை, இந்த நிலையில் அவரை எடுக்க முடியாது என்றான். ஆனால் அந்த முதல் பகுதி மாதிரி ஒரு தொடுகையை நான் இந்த ஊரில் கேட்டதே இல்லை, ஹாலந்தில்கூட அதிகம் கேட்டதில்லை, இதை அவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள் அக்கா என்றான். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து சார் என்னைத் தேக்காவுக்கு வரச் சொன்னார். மத்தியானம் மூன்று மணி, சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. அவர் பால் இல்லாத தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து சுருதி பார்க்கிற இரும்புக் கவையை எடுத்து மேசை விளிம்பில் தட்டிக் காதில் வைத்தார்.

"நாப்பது வருஷமா இது ஏ. இப்ப எனக்கு பி ஃப்ளாட்," என்றார். "அன்னைக்கு இன்னும் அரைக்கட்டை போயிடுச்சுன்னு நெனச்சேன். வீட்டுல நூறு தடவை தட்டிப் பாத்துட்டேன். போகல. அப்போ அந்த நம்பர்தான் பொய்."

நான் மறுக்கவில்லை. "அப்ப ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லுங்க சார். ரெண்டு வருஷமா ஏன் மைனஸ் ஒண்ணுன்னும் சேத்துச் சொல்லிடுங்க."

அவருக்கு முகம் வெளுத்தது. என் மேல் புகார் சொல்ல வேண்டுமென்றால் தன் காது போய்விட்டதை அவரே சொல்லியாக வேண்டும். அதை அவர் சாகும்வரை சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குமிழைத் தொடும்போதே தெரிந்துதான் தொட்டேன். அவர் தேநீரை வெகுநேரம் கலக்கினார். உங்க அம்மாவுக்காகவா என்று கேட்டார்.

"அம்மா நாலு வருஷமா நிம்மதியா இருக்காங்க சார். அவங்கள ஏன் இழுக்கிறீங்க?"

சார் எழுந்து போனார். மணிக்கட்டு வலி என்று ஃபாதருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆர்கனை விட்டுவிட்டார். புனித வாரத்தில் ரித்திக்கின் கச்சேரிக்கு நான் டிக்கெட் எடுத்துப் போனேன். நன்றாக இருந்தது. ஆர்கன் வாசித்தவன் மலேசியாவிலிருந்து வந்த ஒருவன், பரவாயில்லை. நடுவில் ஒரு பாட்டுக்கு ஆர்கன் மட்டும் தனியாகக் கூட வரும். அந்த இடத்தில் சார் என்ன செய்திருப்பார் என்று எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை.

கோயிலில் மார்வின் வாசிக்க வந்தான். குமிழை ஜீரோவில் வைத்தான், பிலோமினம்மாளுக்குத் திரும்ப மூச்சு வாங்கியது. அவன் வாசிப்பில் எல்லாவற்றுக்கும் டிரம்ஸ் உண்டு, தவக்காலப் பாட்டுக்கே தலையாட்டத் தோன்றும். அவன்தான் என்னைக் கூப்பிட்டு, அம்மா பூசைக்கு நீங்களே பாடுங்க அக்கா, யாரு கேக்கப்போறா என்றான்.

பாடினேன். மூன்று சரணமும், அதே மைக்கில், அதே இடத்தில் நின்று பாடினேன். சனங்கள் அழுதார்கள். பூசை முடிந்ததும் பிலோமினம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அச்சு அசலாக அன்னம்மா குரல் என்றார். பெதானி அருமை என்றாள். மார்வின் கட்டைவிரலைக் காட்டினான். எதுவும் எனக்கு ஒட்டவில்லை. டிரம்ஸுக்குத் தலையாட்டுகிறவர்கள், இவர்களுக்கு என்ன தெரியும்? நான் சுருதியில் நின்றேனா என்று சொல்லக்கூடிய ஆள் அந்தக் கோயிலில் ஒருவர்தான். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பாடும்போதே பார்த்துவிட்டேன்.

வெளியே மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். காது அரைக்கட்டை நகர்ந்திருந்தால் என்ன, நகர்ந்தது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே? மார்வினின் ஆர்கனும் என் குரலும் சேர்ந்ததா விலகியதா என்று அவருக்கு இன்னும் மயிரிழையில் தெரியும். முன்னால் போய் நின்றேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எப்படி இருந்துச்சு சார்? உண்மையைச் சொல்லுங்க."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் யாரையும் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"நல்லா இருந்துச்சு, டானியலா. சுருதி சுத்தம்."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ரயிலில் டோபி காட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை போனில் பதிவு செய்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை. சுருதி பார்க்கிற செயலியில் போட்டால் முள் இரண்டு பக்கமும் ஆடுகிறது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் பதிலுரைப் பாடல் பாடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கடைசி வரிசைக்கு வருகிறார். பூசை முடிந்து நான் வெளியே வரும்வரை கெபிக்குப் பக்கத்தில் காத்திருந்து, நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். ஒரு வாரம் தவறவில்லை. போன ஞாயிறு வேண்டுமென்றே கடைசிச் சரணத்தைக் கன்னாபின்னாவென்று இறக்கிப் பாடினேன். மார்வின் திரும்பிப் பார்த்தான், பெதானி தரையைப் பார்த்தாள். நான் ஓட்டமும் நடையுமாகக் கெபிக்குப் போனேன். திட்டுவார், பதினாறு தடவை பாடச் சொல்வார், வாயை மட்டும் அசை என்பார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"நல்லா இருந்துச்சு, டானியலா," என்றார். "சுருதி சுத்தம்."